அப்பாவின் கணினியும் ஆங்கிலமாகிப் போன கோயில் கணக்கும்

2025 செப்டம்பரில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மன்னார்குடியிலிருந்து அப்பா போன் செய்தார்.

"டேய், கம்ப்யூட்டர்ல யாரோ மிரட்டுறான்டா. அக்டோபர் 14-க்கு மேல பாதுகாப்பு கிடையாதுன்னு முழு ஸ்க்ரீன்லயும் போட்டிருக்கான். நான் ஒண்ணையும் தொடல. மெயின் ஸ்விட்சையே அணைச்சுட்டேன்."

டிஜிட்டல் கைது, ஓடிபி மோசடி என்று தினமும் பேப்பரில் படிக்கிற மனிதர். சந்தேகப்பட்டதில் தப்பே சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை அது மோசடி இல்லை. 2015 ஜூலை 29-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிகின்றன என்ற அறிவிப்பு. அந்தத் தேதிக்குப் பிறகும் கணினி ஓடும், கோப்புகள் திறக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க மட்டும் ஆள் வராது. பூட்டு ரிப்பேர் செய்கிறவர் கடையை மூடிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அப்ப பூட்டை மாத்து" என்றார். ஒரு சாயங்கால வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

கணினி 2019-இல் ஒரு கடையில் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் ஐ3-8100, நான்கு ஜிபி ரேம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். அப்பா கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குலதெய்வக் கோயிலின் கணக்குவழக்கு அவர் பொறுப்பு. பங்காளிகளின் தலைக்கட்டு வரி, குடமுழுக்கு வரவு செலவு, கூட்டத் தீர்மானங்கள், அறநிலையத் துறைக்குப் போன கடிதங்கள் என்று 2004-இலிருந்து எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு அதில் பேரப்பிள்ளைகளோடு வீடியோ பேச்சு, கரண்ட் பில், யூடியூப் கோலம்.

ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனேன். கணினிப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டின் மேல் கதம்பம் போட்டிருந்தார்கள். சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் பவர் பட்டனில் கை வைக்கப் போனேன். அம்மா விடவில்லை. "பூஜையில வச்சதை இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்கு விஜயதசமி, அப்பத் தொடு." இரண்டு நாள் விடுப்பில் ஒரு நாள் போயிற்று.

மறுநாள் காலை மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற சின்ன நிரலை ஓட்டினேன். விண்டோஸ் 11-க்கு இந்தக் கணினி தகுதியில்லை என்று வந்தது. டிபிஎம் 2.0 இல்லை, செக்யூர் பூட் இல்லை. அப்பா முன்பே ஊரில் ஒரு கடையில் விசாரித்து வைத்திருந்தார். "பழசு தேறாது, புதுசு வாங்கிக்கோங்க, முப்பத்தஞ்சு ஆகும்" என்றிருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள். அந்த நிரல் 'இல்லை' என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. ப்ராசசர் பட்டியலிலேயே இல்லை என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறார்கள், ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. ஐ3-8100 என்ற பெயரில் முதலில் நிற்கும் எட்டுதான் தலைமுறை எண். அப்பாவின் கணினி வாசற்படியில் நின்றாலும் உள்ளேதான் நின்றது. டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் அப்படி இல்லை. 2018-க்குப் பிறகு வந்த மதர்போர்டுகளில் இரண்டும் பெரும்பாலும் இருக்கும், ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இல்லாத பொருளும் ஸ்விட்ச் போடாத பொருளும் அந்த நிரலுக்கு ஒன்றுதான்.

டிபிஎம் என்பது சாவிகளை வைத்துக்கொள்ளும் பாதுகாப்புப் பெட்டகம். தனிச் சிப்பாக இருக்கலாம், ப்ராசசரோடு சேர்ந்தே வரலாம். இன்டெல் போர்டுகளில் இதற்குப் பிடிடி என்று பெயர், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். கணினியைப் போட்டவுடன் டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்து, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனேன். 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு', 'ட்ரஸ்டட் கம்ப்யூட்டிங்' என்று ஒவ்வொரு போர்டிலும் இது ஒவ்வோர் அறையில் ஒளிந்திருக்கும். பத்து நிமிஷம் தேடிப் பிடித்து இயக்கினேன். பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியில் தான் அவசரப்பட்டேன். செக்யூர் பூட் என்பது நம்பகமான நிரல்களை மட்டும் கொண்டு கணினியைத் தொடங்க விடும் காவல். அது வேலை செய்ய வேண்டுமானால் கணினி யூஈஎஃப்ஐ என்ற புதிய முறையில் தொடங்க வேண்டும். பழைய 'லெகசி' முறைக்காக இருக்கும் சிஎஸ்எம் என்ற வசதியை அணைக்க வேண்டும். அணைத்தேன். சேமித்து வெளியே வந்தால் விண்டோஸ் வரவில்லை. மறுபடி மறுபடி பயாஸுக்கே வந்து நின்றது. பின்னால் அப்பா நிற்கிறார். ஒன்றும் கேட்கவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருபது வருஷக் கோயில் கணக்கு போய்விட்டது என்றே நினைத்துவிட்டார் என்று பின்னால் அம்மா சொன்னார்.

ஒன்றும் போகவில்லை. சிஎஸ்எம்மைத் திரும்பப் போட்டதும் பழையபடி வந்தது. கடைக்காரர் 2019-இல் விண்டோஸைப் பழைய முறையில், எம்பிஆர் என்ற பிரிவினைப் பாணியில் நிறுவியிருந்தார். யூஈஎஃப்ஐக்குத் தேவை ஜிபிடி பாணி. நான் முதலில் பார்த்திருக்க வேண்டியது, விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'பயாஸ் மோட்' என்ற ஒரு வரி இருக்கும், அதை. அதில் 'லெகசி' என்றிருந்தால் சிஎஸ்எம் பக்கமே போகக் கூடாது, முதலில் வட்டைச் சரிசெய்ய வேண்டும்.

வட்டில் இருப்பதை அழிக்காமல் மாற்ற விண்டோஸ் 10-க்குள்ளேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. மாற்றுவதற்கு முன் 'முடியுமா' என்று மட்டும் சோதித்துச் சொல்லவும் அதில் ஒரு வழி உண்டு. நல்லவேளை, இந்த முறை அதைத்தான் முதலில் செய்தேன். முடியாது என்றது. காரணம் நம் ஊர்ப் பழக்கம். ஒரு டெராபைட் வட்டை வாங்கினால் அதைச் சி, டி, இ, எஃப் என்று நாலாகப் பாகம் பிரிக்காமல் எந்தக் கடையிலும் தரமாட்டார்கள், நாமும் வாங்கமாட்டோம். எம்பிஆர் வட்டில் மூன்று முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் இருந்தாலோ, 'எக்ஸ்டெண்டட்' என்ற நீட்டிப்புப் பிரிவு இருந்தாலோ அந்தக் கருவி கையை விரித்துவிடும். எங்களுடையதில் நீட்டிப்புப் பிரிவுக்குள் இரண்டு குட்டிப் பிரிவுகள்.

பிரிவுகளை நகர்த்திச் சேர்க்கத் தனி நிரல்கள் உண்டு. ஒரே பிரதி உள்ள கோயில் கணக்கை வைத்துக்கொண்டு அதில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஓர் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு வட்டு) வாங்கி அதில் விண்டோஸ் 11-ஐ நிறுவுவது என்று முடிவு செய்தேன். யூஈஎஃப்ஐ முறையில் தொடங்கும் கணினியிலும் எம்பிஆர் வட்டு வெறும் சேமிப்பு வட்டாகத் தாராளமாக வேலை செய்யும். இப்போது யோசித்தாலும், பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தொடங்கும் கணினி என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். எப்படியும் அந்த வட்டில் விண்டோஸ் 11 நடை பழகும், ஓடாது.

கிளம்பும் முன் டி, இ இரண்டிலும் இருந்ததை ஒரு வெளி வட்டில் நகலெடுத்தேன். "முக்கியமானதெல்லாம் டி-யிலதான் இருக்கு. சி-ல விண்டோஸ்தான்" என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத் தீபாவளியில் வட்டியோடு கட்டினேன்.

அக்டோபர் 14 நடுவில் வந்து போயிற்று. 14-ஆம் தேதி கடந்தால் 15-ஆம் தேதி காலையில் கணினி கெட்டுவிடாது என்று அப்பாவுக்கு இரண்டு முறை போனில் சொன்னேன். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போய் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும், நான்கு ஜிபி ரேம் ஒன்றும் வாங்கினேன். விண்டோஸ் 11-க்கு நான்கு ஜிபி போதும் என்றுதான் அறிவிப்பு சொல்கிறது. என் அனுபவத்தில் நான்கு ஜிபி என்பது அதைத் திறந்துவைத்து வேடிக்கை பார்க்க மட்டும் போதும். எட்டு ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு நிறுவல் கோப்புகளைச் சென்னையிலேயே ஏற்றிக்கொண்டேன். பல ஜிபி தரவிறக்கத்தை ஊரில் போய், மழை நேரத்து இணையத்தை நம்பி வைத்துக்கொள்ள வேண்டாம்.

அக்டோபர் 18, சனிக்கிழமை. திங்கள் தீபாவளி. காலையில் மன்னை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும்போதே மழை. பெட்டியைத் திறக்கும் முன் யூபிஎஸ் தாங்குமா என்று பார்க்க, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு நொடி கூடத் தாங்கவில்லை. பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. வருஷக்கணக்கில் பச்சை விளக்கு எரிந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. நிறுவல் நடக்கும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து செய்துகொள்ளலாம். பயாஸைப் புதுப்பிக்கும்போது போனால் போர்டே போய்விடலாம். பஜாரில் தீபாவளிக் கூட்டத்தில் நீந்திப் போய் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி வாங்கி வந்தேன். அரை நாள் காலி.

எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் செய்த நல்ல காரியம், பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டது. நிறுவும்போது இரண்டு வட்டும் கண்ணில் பட்டால் தவறான வட்டை அழித்துவிடும் ஆபத்து ஒரு பக்கம். கணினி தொடங்கத் தேவையான சிறு பகுதியை நிறுவல் நிரல் பழைய வட்டில் கொண்டுபோய் வைத்துவிடும் வாய்ப்பு இன்னொரு பக்கம். அப்படி வைத்துவிட்டால் என்றைக்காவது பழைய வட்டைக் கழற்றும்போது புதியதும் எழுந்திருக்காது.

சிஎஸ்எம்மை அணைத்து, செக்யூர் பூட்டைப் போட்டுத் தொடங்கினேன். நிறுவல் அரை மணி நேரம். உரிமச் சாவி கேட்கும்போது 'என்னிடம் இல்லை' என்பதைத் தேர்ந்து, பழையபடியே 'ஹோம்' பதிப்பைச் சொன்னேன். அப்பா 2019-இல் பில் போட்டு ஒரிஜினல் விண்டோஸ் வாங்கியிருந்தார். அந்த டிஜிட்டல் உரிமம் போர்டோடு ஒட்டியது, வட்டை மாற்றினாலும் போகாது. இணையம் வந்ததும் தானாகவே இயங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும் என்றபோது என் கணக்கைப் போடாமல், அப்பாவின் ஜிமெயில் முகவரியிலேயே அவருக்கு ஒன்று திறந்தேன். ஓடிபி வந்ததும் எண்ணைச் சொல்ல அவர் தயங்கினார். "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே?" பெற்ற பிள்ளையிடமும் சொல்லவில்லை, தானே ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். சரி, அதுவும் நல்லதுதான்.

பட்டனை அழுத்தினால் சில நொடிகளில் திரை வந்தது. முன்பெல்லாம் பட்டனை அழுத்திவிட்டுக் காபி போடப் போவார். "காபி போட நேரம் இல்லையேடா" என்றார் சந்தோஷமாக. பழைய வட்டின் கேபிளைத் திரும்பப் பொருத்தினேன். பழைய எம்எஸ் ஆஃபீஸின் குறுந்தகடு எங்கே என்று யாருக்கும் தெரியாததால் அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் போட்டேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து 2016 குடமுழுக்குக் கணக்கைத் திறந்தார்.

திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். வார்த்தைகள் என்று சொல்ல முடியாது, யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டிய மாதிரி. 'தமிழ்' என்றிருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அடுத்த கோப்பும் அப்படியே. அதற்கடுத்ததும். அப்பா மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எல்லாம் இங்கிலீஷா மாறிடுச்சேடா" என்றார்.

பாமினியில் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு என்ற பொதுக் குறியீடு பரவுவதற்கு முன்னால் வந்த எழுத்துரு அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பாமினி என்ற கண்ணாடி வழியாகப் பார்த்தால் தமிழாகத் தெரியும். புதிய கணினியில் அந்தக் கண்ணாடி இல்லை. அது இருந்தது பழைய சி-யில், விண்டோஸ் கோப்புறையின் ஃபான்ட்ஸுக்குள், நாங்கள் இருவரும் 'அதில் ஒன்றும் இல்லை' என்று முடிவுகட்டிய அதே இடத்தில்.

பழைய வட்டை நான் அழிக்காமல் விட்டது முன்யோசனையால் அல்ல, பயத்தால். ஆனால் அதுதான் காப்பாற்றியது. பழைய ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியைப் புதியதில் நகலெடுத்துப் போட்டேன். லிப்ரே ஆஃபீஸை மூடித் திறந்ததும் 'உபயம்' என்ற சொல் முதலில் தெரிந்தது. அப்பா சத்தம் போட்டு அம்மாவைக் கூப்பிட்டார். சி-யில் வேறென்ன இருக்கிறது என்று பார்த்தால், டெஸ்க்டாப்பில் நாற்பது கோப்புகள். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் சி-க்குள்தான் இருக்கின்றன என்பதை நானே மறந்திருந்தேன். வெளி வட்டில் எடுத்த நகலில் அவற்றில் ஒன்று கூட இல்லை.

அதே இயந்திரத்தில் விண்டோஸ் 10-க்கு மேலேயே 11-ஐ ஏற்றியிருந்தால் எழுத்துருக்கள், நிரல்கள் எல்லாம் கூடவே வந்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பும் வசதியும் உண்டு. புதிதாக நிறுவுகிறவர்கள் கிளம்பும் முன் பழைய கணினியில் அரை மணி நேரம் உட்கார்ந்து, முக்கியமான பழைய தமிழ்க் கோப்புகளைப் பிடிஎஃப் ஆக மாற்றி வைத்துக்கொள்ளலாம். பிடிஎஃப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்தே போய்விடும், எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். பாமினி மட்டுமல்ல, அரசு அலுவலகக் கோப்புகளில் நிறைய இருக்கும் வானவில் எழுத்துக்கும் இதே கதைதான்.

இரவு அம்மாவின் முறை. "கண்ணா, கரண்ட் பில்லுக்குப் பாஸ்வேர்டு கேக்குது. அது தானாத்தானே வரும்?" பிரவுசர் நினைவில் வைத்திருந்த கடவுச்சொற்கள். பழைய வட்டில் அந்தக் கோப்புறை இருந்தாலும், கடவுச்சொற்கள் பழைய விண்டோஸின் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டிருக்கும், வெறுமனே நகலெடுத்தால் திறக்காது. ஒரே வழி, பழைய விண்டோஸை மறுபடி எழுப்புவது. எஸ்எஸ்டியின் கேபிளைக் கழற்றி, செக்யூர் பூட்டை அணைத்து, சிஎஸ்எம்மைப் போட்டுப் பழைய வட்டிலிருந்து தொடங்கினேன். வந்தது. கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்தேன். அந்தக் கோப்பைப் படித்தால் யாருக்கும் எல்லாம் தெரியும் என்பதால், புதியதில் ஏற்றியவுடன் அழித்தும் விட்டேன்.

அந்த 'ஏற்றியவுடன்' வருவதற்கு முன் ஒரு நீலத் திரை. எஸ்எஸ்டியைத் திரும்ப மாட்டித் தொடங்கினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் வட்டு தானாகவே மறைகுறியாக்கம் ஆகி, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும், 'ஹோம்' பதிப்பிலும்தான். சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அப்பாவின் கணக்கைத் திறந்துகொண்டிருக்கும்போதே பொறி தட்டியது. திரும்பும்போது சிஎஸ்எம்மை அணைத்தேனே தவிர, செக்யூர் பூட்டைப் போட மறந்திருக்கிறேன். போட்டேன். சாவி கேட்காமலே வந்துவிட்டது. பூட்டுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் பயாஸில் எதையாவது மாற்றுவதற்கு முன் அந்த 48 இலக்கத்தைக் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின் கடவுச்சொல்லும் மறந்து, சாவியும் இல்லை என்றால் வட்டில் இருப்பதை யாராலும் திறக்க முடியாது. எங்கள் வீட்டில் அது பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. அப்பா தேர்ந்தெடுத்த இடம். வருஷா வருஷம் பஞ்சாங்கம் மாறுமே என்றதற்கு, "சாவியையும் மாத்தி வச்சுக்குவேன்" என்றார்.

பிரிண்டர் தொல்லை தரவில்லை. தயாரிப்பாளர் தளத்தில் விண்டோஸ் 10-க்கான இயக்கியை (டிரைவர்) எடுத்துப் போட்டதும் பதினைந்து வருஷத்து இயந்திரம் முக்கி முனகிப் பேப்பரைத் தள்ளியது. ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. டாஸ்க்பார் அமைப்பில் இடது பக்கம் தள்ளிவிட்டேன்.

தீபாவளியன்று சாப்பிட வந்த மச்சான் தன் மடிக்கணினியை நீட்டினார். ஐந்தாம் தலைமுறை ஐ5. இதற்கு எந்த ஸ்விட்சும் உதவாது. தடையைத் தாண்டி 11-ஐ ஏற்றும் குறுக்கு வழிகள் இருக்கின்றன, செய்து தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. தகுதியில்லாத கணினிகளுக்குப் புதுப்பிப்பு வரும் என்று உறுதி கிடையாது, தடுமாறினால் போன் எனக்குத்தான் வரும். விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தரும் ஈஎஸ்யூ திட்டத்தில் சேர்த்துவிட்டேன். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் காப்பெடுக்கச் சம்மதித்தால் பணம் கிடையாது. அதற்குள் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் பழகிக்கொள்ளுங்கள் என்று ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். இன்னும் ஓட்டவில்லை என்று தங்கை சொன்னாள்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் அப்பாவுக்கு இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு நிரலைப் போட்டுக் கொடுத்தேன். விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதுதான். இருபது வருஷம் பாமினியில் ஓடிய விரல்களை எழுபத்தொரு வயதில் திருப்பிவிட முடியாது. இ-கலப்பையில் பாமினி அமைப்பைத் தேர்ந்துகொண்டால், தட்டுவது பழைய விசைகளாகவே இருக்கும், விழுவது மட்டும் யூனிகோடு. பழைய கோப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன் என்று, ஒரு கோப்பை எழுத்துரு மாற்றும் நிரலில் போட்டேன். தமிழோடு சேர்த்து, நடுவில் இருந்த மின்னஞ்சல் முகவரியையும் வங்கியின் ஆங்கிலப் பெயரையும் அது தமிழ் எழுத்தாக்கிக் குழப்பிவிட்டது. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். "நீ போ, இதை நான் பாத்துக்குறேன்" என்றார் அப்பா.

பழைய வட்டை இன்னும் கழற்றவில்லை. தினமும் காலையில் இரண்டு கோப்பு என்று கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று போனில் கேட்டேன், 2009 சித்திரைக் கூட்டத் தீர்மானத்துக்கு வந்திருக்கிறாராம். "அன்னிக்குச் சித்தப்பா சண்டை போட்டது இதுல விட்டுப்போயிருக்குடா, சேத்து எழுதட்டுமா?" என்றார்.